ஒரு பீக்கர் லெம்னாவும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடும்: பயோ-மேத்ஸ் மாணவர்களுக்கான புராஜெக்ட் செய்முறை

பயோ-மேத்ஸ் குரூப்பில் இனக்கூட்ட வளர்ச்சி இரண்டு இடத்தில் வருகிறது. உயிரியலில் எஸ் வடிவ வளைவாக ஒரு படம், கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தில் ஒரு கணக்கு. இரண்டும் வெவ்வேறு பீரியடில் நடப்பதால், அந்தப் படத்தின் சாய்வுதான் இந்தக் கணக்கின் இடது பக்கம் என்பது பலருக்கும் உறைப்பதில்லை. குளத்தில் மிதக்கும் குட்டிப் பச்சைச் செடியான லெம்னாவை வளர்த்து எண்ணினால் அது கண்ணுக்கே தெரிந்துவிடும். செலவு நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடியும். நாள்தான் அதிகம் பிடிக்கும்: குறைந்தது 24 நாள், முன்தயாரிப்புக்கு ஒரு வாரம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அங்கே உயிரியல் செய்முறையின் 30 மதிப்பெண்ணில் 5 புராஜெக்டுக்கும் அதன் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) போகிறது. கடலூர்ப் பக்கம் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் இதையே ஒப்படைப்பாக வைக்கலாம். செய்முறைத் தேர்வு சி.பி.எஸ்.இ.யில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும், மாநிலத்தில் பெரும்பாலும் பிப்ரவரி. அதனால் நவம்பர் முதல் வாரத்துக்குள் செடியைப் பீக்கரில் விட்டுவிடுவது நல்லது. ஏப்ரல், மே வெயிலில் இதைத் தொடங்கவே வேண்டாம். ஜன்னலோரப் பீக்கரில் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டினால் லெம்னா வளர்வதற்குப் பதில் வெளுக்கத் தொடங்கும்.

செடியைத் தேடுவது

மழைக்குப் பிறகு தேங்கிய குட்டை, ஊர்க் குளத்தின் ஓரம், பாகூர், காட்டுமன்னார்கோவில் பக்கம் போல நெல் விளையும் ஊர்களின் வயல் வாய்க்கால் ஆகிய இடங்களில் தேடலாம். உரம் கலந்த, ஓடாத நல்ல தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். பிச்சாவரம் பக்கம் அலைய வேண்டாம், அது உப்பங்கழி. ஊசுட்டேரி சரணாலயம், அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஓடையில் செடி கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதில் ஏற்கெனவே என்ன ஏறியிருக்கிறது என்று தெரியாது, கையையும் வைக்க வேண்டியதில்லை.

எடுத்து வந்ததும் கைலென்ஸில் பாருங்கள். மிதக்கும் ஒவ்வொரு பச்சைத் துண்டின் அடியிலும் ஒரே ஒரு வேர் தொங்கினால் அது லெம்னா. பல வேர்கள் கொத்தாக இருந்து அடிப்பக்கம் செந்நீலமாக இருந்தால் ஸ்பைரோடெலா. வேரே இல்லாமல் ரவை போல இருந்தால் உல்ஃபியா. செதில் செதிலாக அடுக்கியிருந்தால் அது அசோலா. மாட்டுத் தீவனத்துக்காக வளர்ப்பதால் அதுதான் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது பெரணி வகை, துண்டுகளைத் தனித்தனியாக எண்ணவும் முடியாது. அசோலாவை வைத்துக்கொண்டு ரெக்கார்டில் லெம்னா என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

லெம்னாவின் உடலைத் தண்டு, இலை என்று பிரிக்க முடியாது. ரெக்கார்டில் ஃபிராண்ட் என்றே எழுதுங்கள். இங்கே வசதிக்காக ‘இலை’ என்கிறோம்.

தண்ணீரும் உரமும்

கடலோர ஊர்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். லெம்னாவுக்கு உப்பு ஆகாது. வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரானால் வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். கேன் தண்ணீரில் சத்து இல்லை, தனியாக அது மட்டும் போதாது. பிடித்து வைத்த மழைநீர் கிடைத்தால் அதில் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலப்பது நல்ல கலவை.

உரத்துக்குச் சாணிக் கரைசல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் சத்து வேறாக இருக்கும், கிருமியும் பாசியும் கூடவே வரும். உரக்கடையில் தண்ணீரில் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து தலா 19 சதவீதம்) கிடைக்கும். பள்ளி வேதியியல் ஆய்வகத் தராசில் 2 கிராம் நிறுத்து 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து 10 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 0.2 கிராம். நுண்சத்துக்காக, செடி எடுத்த குளத்துத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி 20 மி.லி. சேருங்கள். ‘கொஞ்சம் கூடப் போட்டால் வேகமாக வளரும்’ என்று உரத்தை ஏற்றினால் அம்மோனியா கூடி இலை வெளுத்துச் செத்துப்போகும்.

செடியை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, நத்தை முட்டையும் சிறு பூச்சியும் இல்லை என்று பார்த்து, இதே கரைசலில் ஒரு அகலக் கிண்ணத்தில் ஐந்து நாள் விடுங்கள். இந்தப் பழக்கும் நாள்களைத் தவிர்த்தால், பீக்கரில் விட்ட முதல் இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை அசையாது. எஸ் வளைவைத் தரும் லாஜிஸ்டிக் சமன்பாட்டில் அப்படி ஒரு தேக்கக் கட்டம் கிடையாது, எனவே பின்னால் வளைவு பொருந்தவே பொருந்தாது.

பீக்கர்

100 மி.லி. பீக்கர் ஆறு. உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள், சுமார் 5 செ.மீ. இருக்கும். பெரிய பாத்திரத்தில் ஆரம்பிப்பதுதான் இந்தப் புராஜெக்டில் அடிக்கடி நடக்கும் தவறு. 10 செ.மீ. அகலக் கிண்ணம் நிரம்ப ஆயிரத்துக்கு மேல் இலை வேண்டும். எண்ணியும் முடியாது, மாதமும் போதாது.

தொடங்குவதற்கு முன்பே ஒரு கணிப்பு எழுதி வையுங்கள். 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 19.6 ச.செ.மீ., அதாவது 1,960 ச.மி.மீ. ஓர் இலை ஏறத்தாழ 3 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம். நீள்வட்டமாகக் கொண்டால் பரப்பு 5 ச.மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 5 என்றே வைத்துக்கொள்ளலாம். வகுத்தால் 390 வருகிறது. இடம் மட்டுமே தடை என்றால் தாங்குதிறன், அதாவது பீக்கர் தாங்கும் அதிகபட்ச எண்ணிக்கை, 400-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கருதுகோள் என்ற தலைப்பில் பலர் ‘லெம்னா நன்றாக வளரும்’ என்று எழுதுகிறார்கள். எண்ணோடு எழுதிய கருதுகோளுக்குத்தான் மதிப்பு.

ஒவ்வொரு பீக்கரிலும் 80 மி.லி. கரைசல் ஊற்றி, மட்டத்தை மார்க்கரால் குறித்து, 10 இலைகளை விடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இலை ஒட்டியே இருக்கும். பிய்க்காமல், கூட்டினால் 10 வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். பீக்கரின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் சுற்றிவிடுங்கள், வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழட்டும். இதை விட்டவர்களுக்குப் பத்தாம் நாளில் தண்ணீரே பச்சையாகிவிடும். பாசி சத்தைத் தின்பதோடு பி.எச்.சையும் ஏற்றிவிடும்.

வாயில் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஏடிஸ் கொசுவின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். மூடாத பீக்கர் டெங்குப் பண்ணைதான். கிழக்கு ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சம் நல்லது.

இனி முக்கியமான இடம். 80 மி.லி.யில் இருக்கும் நைட்ரஜன் சுமார் 3 மில்லிகிராம்தான். 400 இலைக்கு அது போதுமா என்பது சந்தேகம். அப்படியானால் வளைவு தட்டையாவது இடம் போதாமலா, சத்து தீர்ந்தா? ஆறு பீக்கர் கேட்டது இதற்காகத்தான். மூன்றில் நான்கு நாளைக்கு ஒருமுறை 40 மி.லி.யை ஊசியில்லாத சிரிஞ்சால் அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, புதுக் கரைசல் 40 மி.லி. சேருங்கள். மற்ற மூன்றையும் தொடாதீர்கள். தொடாத பீக்கரில் இலை சிறுத்து, வெளிறி, வேர் மட்டும் நீளமாக இறங்கினால் அது சத்துப் பற்றாக்குறை. இரண்டு வகையிலும் ஆவியாகிக் குறைந்த தண்ணீரை உரமில்லாத தண்ணீரால் மட்டுமே குறித்த மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. ஒவ்வொரு நாளும் கரைசலையே ஊற்றிக்கொண்டிருந்தால் உரம் ஏறிக்கொண்டே போகும்.

எண்ணுவது

இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், காலை ஏழு மணி என்றால் ஏழு மணிக்கே. தாய் இலையின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் எந்தச் சிறு மொட்டும் ஒன்று என்ற விதியை முதல் நாளே எழுதிவிடுங்கள். பாதியில் விதி மாறினால் வரைபடத்தில் ஒரு படி விழும். வெளுத்துச் செத்த இலையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

50 வரை கண்ணாலேயே எண்ணலாம். அதற்கு மேல் நேர் மேலிருந்து செல்போனில் படம் எடுத்து, எண்ணிய இலைமேல் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவதுதான் வழி. 250-ஐத் தாண்டியதும் இலை மேல் இலை ஏறும், படம் குறைத்துக் காட்டும். அப்போது மெதுவாக ஒரு வெள்ளைத் தட்டில் கரைசலோடு ஊற்றிப் பரப்பி எண்ணிவிட்டுத் திரும்ப விட வேண்டும். பீக்கர் சுவரில் ஒட்டி நிற்பவற்றைக் கரைசலாலேயே கழுவி எடுங்கள். இருவர் தனித்தனியாக எண்ணி, 3-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுங்கள்.

பக்கத்திலேயே வானிலையும் தண்ணீர் வெப்பமும் எழுத வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் பக்கத்து நவம்பர் அப்படித்தான். நாலு நாள் வானம் மூடிக்கிடந்தால் வெளிச்சமின்றி வளைவு தட்டையாகும். குறிப்பு இல்லையென்றால் அதையே தாங்குதிறன் என்று எழுதிவிடுவீர்கள்.

கணக்கு

கீழே உள்ளவை வழியைக் காட்ட லாஜிஸ்டிக் சமன்பாட்டில் கணக்கிட்டு முழு எண்ணாக்கியவை. உங்கள் எண்கள் இவ்வளவு ஒழுங்காக வராது, வரவும் கூடாது.

நாள் 0: 10
நாள் 2: 18
நாள் 4: 31
நாள் 6: 54
நாள் 8: 88
நாள் 10: 136
நாள் 12: 194
நாள் 14: 252
நாள் 16: 303
நாள் 18: 340
நாள் 20: 365
நாள் 22: 380
நாள் 24: 389

முதலில் இயல் மடக்கை. செல்போன் கால்குலேட்டரைப் படுக்கை வாட்டில் திருப்பினால் எல்என் பொத்தான் வரும். பக்கத்திலுள்ள லாக் பொத்தான் 10 அடிமானம். அதை அழுத்திவிட்டால் எல்லாச் சாய்வும் 2.303 மடங்கு குறையும், அது ஏன் என்றும் தெரியாது. 10-க்கு 2.303, 54-க்கு 3.989. ஆறு நாளில் ஏற்றம் 1.686, சாய்வு நாளுக்கு 0.281. இரட்டிப்புக் காலம் 0.693-ஐ 0.281-ஆல் வகுத்தால் சுமார் 2.5 நாள். லெம்னாவை வைத்து நச்சுத்தன்மை சோதிக்க ஓ.இ.சி.டி. என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி 221-ம், நச்சுச் சேர்க்காத கட்டுப்பாட்டுக் கலத்தில் இரட்டிப்பு 2.5 நாளுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அது ஆய்வகக் கரைசலும் விளக்கும் வைத்துச் செய்வது. ஜன்னலோரத்தில் 3, 4 நாள் ஆனாலும் குறையில்லை.

அடுத்து சாய்வு, அதாவது வகைக்கெழு. பெரும்பாலான புராஜெக்ட்கள் இங்கேதான் சொதப்புகின்றன. நாள்தோறும் எண்ணி, இன்றைய எண்ணில் நேற்றையதைக் கழித்து ‘வளர்ச்சி வீதம்’ என்று எழுதினால் வரைபடம் ரம்பப் பல்லாகத்தான் வரும். காரணம் எளிது. 12-ஆம் நாள் வாக்கில் உண்மையான வளர்ச்சி நாளுக்கு ஏறத்தாழ 30. எண்ணுவதில் ஒரு நாள் 3 கூடி, மறுநாள் 3 குறைந்தால் கழித்தலில் 6 போய்விடும், அது ஐந்தில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் ஒன்றிரண்டு சதவீதமாக இருந்த பிழை, சாய்வில் 20 சதவீதமாகிறது. இதற்கு மாற்று, முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளி எடுப்பது. 14-ஆம் நாள் 252, 10-ஆம் நாள் 136, வித்தியாசம் 116, நான்கால் வகுத்தால் 29. அதே 6 பிழையும் நான்கால் வகுபடுவதால் 1.5 ஆகிவிடுகிறது. இன்னும் அகல எடுத்தால் பிழை குறையும்தான், ஆனால் வளைவின் முகடும் மழுங்கிப்போகும். நான்கு நாள் இடைவெளி இந்தச் செடிக்குச் சரியாக இருக்கும்.

இந்த முறையில் 4-ஆம் நாள் வீதம் 9, 6-இல் 14.25, 8-இல் 20.5, 10-இல் 26.5, 12-இல் 29, 14-இல் 27.25, 16-இல் 22, 20-இல் 10. ஏறி இறங்கும் மேடு கிடைத்துவிட்டது. முகடு எண்ணிக்கை 200-ஐ ஒட்டி, அதாவது தாங்குதிறனின் பாதியில் நிற்கிறது.

தொகையீட்டையும் இதே எண்ணில் காட்டலாம். 4 முதல் 16 வரையான வீதங்களைச் சரிவக முறையில் கூட்டினால்: முதலும் கடைசியும் சேர்த்துப் பாதி 15.5, நடுவில் உள்ளவை 117.5, மொத்தம் 133, இடைவெளி 2-ஆல் பெருக்க 266. நேரடி எண்ணிக்கையில் 303-இலிருந்து 31 போக 272. ஆறு இலைதான் வித்தியாசம். வளைவின் கீழுள்ள பரப்பு என்பது கூடிய செடிகளின் எண்ணிக்கை என்று சொல்ல இதைவிட நேரான சான்று தேவையில்லை.

மாதிரியைப் பொருத்துவது

1838-இல் பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் எழுதி, 1920-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பேர்லும் ரீடும் மறுபடி கண்டெடுத்த லாஜிஸ்டிக் சமன்பாடு இது:

டிஎன்/டிடி = ஆர் × என் × (1 − என்/கே)

என் எண்ணிக்கை, ஆர் உள்ளார்ந்த வளர்ச்சி வீதம், கே தாங்குதிறன், டி நாள். டிஎன்/டிடி என்பது நாளைப் பொறுத்த வகைக்கெழு, அதாவது அன்றைய வளர்ச்சி வீதம். மாறிகளைப் பிரித்தால் இடப்பக்கம் கே / [என் × (கே − என்)] வரும். பகுதிப் பின்னங்களாக அது 1/என் + 1/(கே − என்). இரண்டாவதைத் தொகையிடும்போது முன்னால் கழித்தல் குறி வரும், விடைத்தாளில் அதிகம் தவறுவது அதைத்தான். முடிவில்:

மடக்கை [(கே − என்)/என்] = மடக்கை ஏ − ஆர் × டி

மடக்கை என்பது இங்கேயும் இயல் மடக்கைதான். ஏ என்பது (கே − தொடக்க எண்ணிக்கை) / தொடக்க எண்ணிக்கை. கே 400 என்று கொண்டால் நம் எண்களில் 390/10, அதாவது 39. அதன் மடக்கை 3.664. 12-ஆம் நாள் 206/194-க்கு மடக்கை 0.060. 12 நாளில் இறக்கம் 3.604, எனவே ஆர் 0.300. மேலே முதல் ஆறு நாளில் 0.281-தான் கிடைத்தது. இரண்டையும் பார்த்துக் கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். அடைப்புக்குறியில் இருக்கும் தடை முதல் நாளிலிருந்தே லேசாக வேலை செய்கிறது. தொடக்கப் பகுதியைத் தடையே இல்லாத சுத்தமான ஜே வளைவு என்று எடுத்தால் ஆர் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

கே-யை ஊகிக்காமல் எடுக்க வேண்டுமா? வீதத்தை எண்ணிக்கையால் வகுத்து, ஓர் இலைக்கான வீதத்தை எண்ணிக்கைக்கு எதிராக வரையுங்கள். 31-க்கு 0.29, 88-க்கு 0.233, 194-க்கு 0.149, 303-க்கு 0.073, 365-க்கு 0.027. இறங்கும் நேர்கோடு. மேலே நீட்டினால் செங்குத்து அச்சில் சுமார் 0.31, அது ஆர். கீழே நீட்டினால் கிடை அச்சில் சுமார் 400, அது கே. பரப்பை வைத்து எழுதிய 390-ஐ இதோடு ஒப்பிடுங்கள். உங்கள் பீக்கரில் கோடு 250-இலேயே அச்சைத் தொட்டால் இடம் அல்ல, சத்துதான் தடை. கரைசல் மாற்றிய பீக்கர்கள் அதை உறுதி செய்யும். கோடே வராமல் வளைந்தால் லாஜிஸ்டிக் மாதிரி பொருந்தவில்லை என்று அப்படியே எழுதுங்கள். எண்ணைத் திருத்திக் கோடாக்கியது தேர்வாளருக்குப் பார்த்ததுமே தெரியும்.

வளர்ச்சி வீதம் உச்சத்தைத் தொடும் இடமான வளைவு மாற்றப் புள்ளிக்கு இரண்டாம் வகைக்கெழு. ஆர் என் − ஆர் என்²/கே என்பதை என்-ஐப் பொறுத்து மட்டும் வகையிட்டு ஆர் − 2 ஆர் என்/கே = 0 என்று முடித்துவிடுகிறார்கள். விடை கே/2 சரியாகவே வரும், வழி சரியில்லை. நாம் நாளைப் பொறுத்து வகையிடுகிறோம். சங்கிலி விதிப்படி அதை டிஎன்/டிடி-யால் பெருக்கியே ஆக வேண்டும். அது எங்கும் பூச்சியமில்லை என்று சொன்ன பிறகுதான் ஆர் − 2 ஆர் என்/கே என்பதைப் பூச்சியமாக்கலாம். புள்ளி வரும் நாள் மடக்கை 39-ஐ 0.3-ஆல் வகுக்க 12.2. அன்றைய வீதம் ஆர் × கே / 4, அதாவது 30. கையால் எடுத்த 29-க்கு மிக அருகில்.

வைவாவில் கேட்கக்கூடியவை சில. எண்ணிக்கை கே-யைத் தொட்டதும் செடி சாகிறதா? இல்லை, மொட்டு விடுவது குறைகிறது, பிறப்பும் இறப்பும் ஈடாகின்றன. ஆர்-க்கும் டிஎன்/டிடி-க்கும் என்ன வித்தியாசம்? முன்னது ஓர் இலைக்கு, தடையே இல்லாதபோது. பின்னது மொத்தத்துக்கு, அந்த நாளில். அரை இலை கிடையாதே, எப்படித் தொடர்ச்சியான சார்பாக எடுத்தீர்கள்? 10 இலை இருக்கும்போது அந்தக் கேள்வி நியாயம்தான், முதல் நான்கு நாள் புள்ளிகள் கோட்டை விட்டு விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். 200 இருக்கும்போது ஓர் இலை என்பது அரை சதவீதம்.

முடிந்ததும் மிஞ்சிய லெம்னாவைக் குளத்திலோ கெடிலம் ஆற்றிலோ கொட்ட வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுங்கள், கரைசலையும் அதிலேயே ஊற்றலாம். பீக்கரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். ஒட்டிய ஓர் இலை இருந்தாலும் அடுத்த பேட்ச் பீக்கரில் முளைக்கும்.